கண்ணாடிக்குள் ஒரு தினசரி

சீனத் தலைநகராகிய பீஜிங்குக்குப் போய் வந்தவர்கள் பெருஞ்சுவரைப் பற்றி எழுதாமல் இருப்பதில்லை. நாமும் பெருஞ்சுவரின்மேல் ஏறினோம்; மூச்சு வாங்கினோம்; முழங்கால் வலியுடன் இறங்கினோம். சக்கரவர்த்திகளின் அரண்மனையையும் பார்த்தோம். அவற்றையெல்லாம் வர்ணித்துச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள். நாம் சொல்லப் போவது ஒரு தெருவோரத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி. அந்தப் பெட்டிக்குள் நகையும் இல்லை, பட்சணமும் இல்லை. அன்றைய தினசரிப் பத்திரிகை ஒன்று மட்டும் பக்கம் பக்கமாகப் பிரித்து மாட்டப்பட்டிருந்தது.

2018-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் இந்தப் பிரயாணம் வாய்த்தது. நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் சீனாவில் வைத்தியக் கல்வி பயின்று கொண்டிருந்தான். தமிழ்நாட்டிலிருந்து அவ்விதம் போய்ப் படிக்கும் பிள்ளைகள் அநேகர். "ஸார், ஒரு தடவையாவது வந்து பாருங்கள். சீனப் பாஷைக்கு நான் இருக்கிறேன், சைவச் சாப்பாட்டுக்கும் நான் பொறுப்பு" என்று அவன் இரண்டு வருஷமாக எழுதிக் கொண்டிருந்தான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் வாக்கு முழுவதும் பலித்தது என்று சொல்ல முடியாது. பாஷை விஷயத்தில் பலித்தது. அது பலித்திராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

சந்துக்குள்ளே

பீஜிங்கின் பெரிய கடைத்தெருக்களில் ஒன்று வாங்ஃபூஜிங். அதில் புகுந்து வடக்கே நடந்தால், பளபளப்பான மாளிகைகள் மெல்ல மறைந்து, ஹூதோங் என்று சொல்லப்படும் பழைய சந்துகள் தென்படுகின்றன. சாம்பல் நிறச் செங்கற் சுவர்கள். தணிந்த ஓட்டுக் கூரைகள். வாசலில் சார்த்தி வைத்த சைக்கிள்கள். மர நிழலில் சதுரங்கம் ஆடும் முதியவர்கள். கும்பகோணத்துச் சந்து ஒன்றில் காலை நேரத்தில் நடப்பது போன்ற ஓர் உணர்ச்சி நமக்கு உண்டாயிற்று.

ஒரு மூலை திரும்பியதும், சுவரோரமாக ஆள் உயரத்தில் நீண்ட கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் எதிரே மூன்று நான்கு பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் படித்துக் கொண்டிருந்தார்கள். எல்லோரும் வயது முதிர்ந்தவர்கள். இளைஞர்கள் கைபேசியைப் பார்த்தபடியே அவர்களைக் கடந்து போனார்கள்.

"இது என்னப்பா, வாசகசாலையைத் தெருவுக்குக் கொண்டு வந்து விட்டார்களா?" என்று கேட்டோம்.

"ஆமாம், ஸார். இதுதான் 'ரென்மின் ரிபாவ்'. மக்கள் தினசரி என்று அர்த்தம். கட்சியின் சொந்தப் பத்திரிகை. எங்கள் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, கல்லூரியிலும் இருக்கிறது. நான் சீன எழுத்துக் கற்றுக்கொண்டதே பாதி இதைப் பார்த்துத்தான்."

"செய்தி எப்படி?"

மாணவன் சிறிது யோசித்தான். "எழுத்து மிகத் தெளிவாக இருக்கும், ஸார்" என்றான்.

பரீட்சையில் விடை தெரியாத கேள்விக்குத் தெரிந்த விடையை எழுதும் பழக்கம் அவனை விட்டு இன்னும் போகவில்லை என்று நமக்குப் பட்டது. பிற்பாடு, அவன் சரியான விடையைத்தான் சொன்னான் என்று தெரிந்து கொண்டோம்.

குடும்பப் பெயர்

இந்தப் பத்திரிகையின் சரித்திரத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். 1948-ஆம் வருஷம் ஜூன் 15-ஆம் தேதி, உள்நாட்டு யுத்தம் நடந்து கொண்டிருந்த காலத்தில், ஹேபெய் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் இது பிறந்தது. 1949 மார்ச்சில் கட்சிப் படைகளைத் தொடர்ந்து தலைநகருக்குக் குடியேறியது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்கு உத்தியோகப் பத்திரிகையாயிற்று. தலைப்பில் காணும் நான்கு எழுத்துக்களும் மா ஸே-துங் தம் கையால் எழுதிக் கொடுத்தவை. இன்றும் அவையே அலங்கரிக்கின்றன.

நம் நாட்டில் தேசியப் பத்திரிகை என்றால் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? ஆளுகிறவர்களுக்கு எதிராக எழுதி, ஜாமீன் கட்டி, ஆசிரியர் சிறை சென்ற பத்திரிகைதான் தோன்றுகிறது. 1882-ல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1908-ல் ராஜத்துவேஷக் குற்றச்சாட்டில் கைதானார். அத்தகைய பத்திரிகைகளின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எதிர்த்து நின்ற கட்சியே ஆளும் கட்சியாகி, அதன் பத்திரிகையும் கூடவே அரியணை ஏறிவிட்டால் அந்தப் பத்திரிகையின் தொழில் என்ன? இந்தக் கேள்விக்கு லெனின் 1901-லேயே ஒரு விதமாகப் பதில் எழுதி வைத்தார். பத்திரிகை பிரசாரம் செய்தால் மட்டும் போதாது. கட்சியைக் கட்டி நடத்தும் சாரமாகவும் அது இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கட்டடம் எழும்பும் வரையில் சாரம் வேண்டியதுதான். கட்டடம் எழும்பிய பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதென்று குடியிருப்பவர்களுக்குத் தெரியாது.

சீனாவில் சாரத்தைப் பிரிக்கவில்லை. 2016 பிப்ரவரி 19-ஆம் தேதி அதிபர் ஷி ஜின்பிங் இந்தப் பத்திரிகையின் காரியாலயத்துக்கு விஜயம் செய்தார். கட்சியின் பத்திரிகைகள் கட்சியையே குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும் என்று அன்று வலியுறுத்தினார். சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும்; சொந்தப் பெயர் பிறகுதான். ஆகையால் அந்தப் பேச்சின் பொருள் அங்கே யாருக்கும் விளங்காமல் இருக்க நியாயமில்லை.

பத்திரிகையின் விற்பனை முப்பது லட்சத்தை எட்டியதென்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கட்சிக் கிளைகளும், சர்க்கார் காரியாலயங்களும், கல்லூரிகளும் வாங்கியாக வேண்டும். ஒரு ஜில்லா அதிகாரி காலையில் இதைப் பிரிப்பது உலகச் செய்தியை அறிவதற்காக அன்று. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதற்காக. தலையங்கத்தில் ஒரு புதிய சொல் வந்தால், மறுநாள் அவருடைய பேச்சிலும் அந்தச் சொல் வந்துவிடும். நம் ஊர்களில் தலையங்கம் என்பது ஒருவருடைய அபிப்பிராயம். அங்கே அது கையெழுத்தில்லாத உத்தரவு.

முதியவர்

கண்ணாடிப் பெட்டியின் எதிரே நின்றவர்களில் ஒருவர், நீலச் சட்டையும் வெள்ளைத் துணித் தொப்பியும் அணிந்தவர், எங்களையே பார்த்துக் கொண்டிருந்தார். மாணவன் அவரைத் தாத்தா என்று மரியாதையாக அழைத்து, நம்மைச் சுட்டிக்காட்டி, "இவர் இந்தியாவில் என் ஆசிரியர்" என்றான். ஆசிரியர் என்ற சொல்லுக்குச் சீனாவில் இன்னும் மதிப்பு இருக்கிறது. முதியவர் தொப்பியைச் சற்றே தூக்கினார்.

அவர் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; வயது எழுபத்திரண்டு; சொந்த ஊர் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமம். தினந்தோறும் காலையில் இங்கே வந்து படிக்கிறார். எத்தனை வருஷமாகப் படிக்கிறீர்கள் என்று கேட்டோம். "பன்னிரண்டு வயதிலிருந்து" என்றார். "அப்போது எங்கள் ஊரில் நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன்" என்று சேர்த்துச் சொன்னார்.

ஐம்பதுகளில் சீனக் கிராமங்களில் பத்திரிகை வாசிப்புக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்காருவார்கள்; தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். நம் கிராமத்துத் திண்ணைகளிலும் டீக்கடைகளிலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டது போலத்தான். நமக்கு அது ஒன்றும் புதிதல்லவே! நாமும் நம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு ஒரு மாணவனை நிறுத்தி, அன்றைய செய்திகளைப் படிக்கச் செய்கிறோம். அதைச் சொன்னதும் முதியவர் முகம் மலர்ந்தது. பெரிய குரலில் படிக்க வேண்டும், வேகமாகப் படிக்கக் கூடாது என்று யோசனையும் கூறினார்.

கணக்குப் போட்டால் அந்தப் பன்னிரண்டாம் வயது 1958-ல் வருகிறது. அந்த வருஷத்தைப் பற்றி நாம் புத்தகங்களில் படித்திருந்தோம். கேட்கலாமா, கேட்கக் கூடாதா என்று தயங்கினோம். தயங்கியபடியே, "அந்த வருஷம் விளைச்சல் செய்திகளையும் நீங்கள்தான் படித்தீர்களா?" என்று கேட்கச் சொன்னோம். மாணவன் நம்மை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டான்.

முதியவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஓர் இலையை விரலால் தட்டிவிட்டார். பிறகு மெதுவாகப் பேசினார். மாணவன் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னான்:

"நான்தான் படித்தேன். முதல் நாள் பெரியவர்கள் சிரித்தார்கள். நெல் எங்கேயாவது அவ்வளவு விளையுமா என்று என்னையே கேட்டார்கள். பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் அதிகாரி வந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க் கணக்கையும் உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்குப்படி தானியம் கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். இரண்டு வருஷம் கழித்து மூன்று பேர் இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். மேலே நாமும் கேட்கவில்லை.

ஓர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

அந்தச் சிறுவன் படித்த செய்திகள் எத்தகையவை என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். 1958-ல் 'பெரும் பாய்ச்சல்' என்ற இயக்கம் தொடங்கிற்று. ஒவ்வொரு ஜில்லாவும் மற்றொன்றை மிஞ்சி விளைவித்ததாக அறிவிக்க ஆரம்பித்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 13-ஆம் தேதி, ஹூபெய் மாகாணத்து மாசெங் ஜில்லாவில் ஒரு 'மூ' நிலத்தில் 36,900 'ஜின்' நெல் விளைந்ததாக மக்கள் தினசரி செய்தி வெளியிட்டது. செப்டம்பர் 18-ஆம் தேதி, குவாங்ஸியில் ஹுவான்ஜியாங் என்னுமிடத்தில் 1,30,000 ஜின்னுக்கு மேல் விளைந்ததாக வெளியிட்டது.

மூ என்பது சுமார் பதினாறரை சென்ட். ஜின் என்பது அரைக் கிலோ. நம் தஞ்சை ஜில்லாக் கணக்கில் சொன்னால், முதற் செய்தியின்படி ஏக்கருக்குச் சுமார் 110 டன். அதாவது, எழுபத்தைந்து கிலோ மூட்டையாக 1,450 மூட்டைக்கு மேல்! இரண்டாவது செய்தியின்படி ஐயாயிரம் மூட்டைக்கும் மேல்! காவேரிப் பாசனத்தில் நல்ல வயலில் முப்பது, முப்பத்தைந்து மூட்டை கண்டால் நம் மிராசுதார் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார். ஐயாயிரம் மூட்டை என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குத்தான் மாரியம்மன் கோவிலில் வேப்பிலை அடிக்க வேண்டியிருக்கும்.

சீன விவசாயிக்கு இது தெரியாதா? நாலாயிரம் வருஷமாக உழுதவனுக்குத் தெரியாமல் இருக்குமா? நடந்தது இதுதான்: பல வயல்களில் முற்றிய பயிரை வேரோடு பெயர்த்துக் கொண்டு வந்து, ஒரே வயலில் நெருக்கி நட்டு, அதை அறுத்து எடை போட்டுக் காட்டினார்கள். நெற்கதிர்களின்மேல் சிறுவர்கள் ஏறி நின்று சிரிக்கும் புகைப்படம் ஒன்றும் ஆகஸ்டு மாதம் மக்கள் தினசரியில் வெளியாயிற்று. கதிர் அவ்வளவு அடர்த்தி, பிள்ளைகள் நின்றாலும் சாயவில்லை என்பது அதன் தாத்பரியம்.

இது வெறும் வேடிக்கையாகப் போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் பத்திரிகையில் வந்த கணக்கே சர்க்கார் கணக்காயிற்று. அந்தக் கணக்கை வைத்தே நகரங்களுக்கும் ஏற்றுமதிக்கும் தானியம் கொள்முதல் செய்தார்கள். காகிதத்தில் விளைந்த நெல்லுக்காகக் களஞ்சியத்தில் இருந்த நெல் வண்டி ஏறிப் போயிற்று. 1959 முதல் 1961 வரையில் உண்டான பஞ்சத்தில் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை ஜனங்கள் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். மிகக் குறைந்த மதிப்பை எடுத்துக் கொண்டாலும் நெஞ்சு நடுங்குகிறது.

இரண்டு புகைப்படங்கள்

அன்று இரவு விடுதியில் நமக்குத் தூக்கம் வரவில்லை. கதிரின்மேல் நின்ற அந்தச் சிறுவர்களின் படம் மனத்தைவிட்டு அகலவில்லை. அதோடு மற்றோர் ஆகஸ்டு மாதத்துப் படங்களும் நினைவுக்கு வந்தன.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம். கல்கத்தா வீதிகளில் ஜனங்கள் விழுந்து மடிந்தார்கள். யுத்த காலத்துத் தணிக்கை கடுமையாக இருந்தது. பஞ்சம் என்று அறிவிக்க அன்றைய பிரிட்டிஷ் சர்க்கார் முன்வரவில்லை. அந்நிலையில் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை ஆகஸ்டு 22-ஆம் தேதி வீதியில் கிடந்த எலும்புக் கூடுகளின் படங்களை வெளியிட்டது. ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஓர் ஆங்கிலேயர், பத்திரிகையும் ஆங்கிலேயர்களுடையது. ஆனாலும் ஆட்சி எதை மறைத்ததோ அதை அவர் அச்சிட்டார். அதன் பிறகே மறைப்பது முடியாத காரியமாயிற்று. அதற்குள் லட்சோபலட்சம் பேர் மாண்டார்கள் என்பது உண்மை. அந்தப் படங்கள் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் மாண்டிருப்பார்களோ?

அந்தப் பஞ்சத்தைச் சிறுவராக இருந்தபோது கண்ணால் கண்டவர் பொருளாதார நிபுணர் அமர்த்தியா ஸென். சுதந்திர இந்தியாவில் வறுமை நீங்காவிட்டாலும் அத்தகைய பெரும் பஞ்சம் நேராததற்கும், சீனாவில் நேர்ந்ததற்கும் பத்திரிகைகளின் நிலையே ஒரு முக்கிய காரணம் என்று அவர் எடுத்துக் காட்டினார். நாம் மார் தட்டிக் கொள்ள வேண்டாம். தினந்தோறும் அரை வயிற்றோடு படுக்கும் ஏழையை நம் பத்திரிகைகள் கவனிப்பதில்லை என்றும், வைத்தியத்திலும் கல்வியிலும் சீனா நம்மை முந்திவிட்டது என்றும் அவரே கூறியிருக்கிறார். ஒன்று இருக்க ஒன்று இல்லை.

வாயும் செவியும்

அங்கேயும் உண்மை பேச விரும்பிய பத்திரிகாசிரியர்கள் இல்லாமல் போகவில்லை. பெரும் பாய்ச்சலுக்கு இரண்டு வருஷம் முந்தியே, 1956 ஜூன் 20-ஆம் தேதி, இதே மக்கள் தினசரி, அவசரப்பட்டுக் காரியங்களைக் கெடுக்க வேண்டாம் என்று ஒரு தலையங்கம் எழுதியது. அதன் பிரதியில் மா ஸே-துங், 'படிக்கப் போவதில்லை' என்று குறித்து வைத்தார். அக்காலத்தில் ஆசிரியராக இருந்தவர் தெங் துவோ. மறு வருஷமே அவர் கண்டனத்துக்கு ஆளானார்; ஆசிரியர் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

தெங் துவோ 1961-ல் பீஜிங் மாலைப் பத்திரிகை ஒன்றில் சிறு கட்டுரைகள் எழுதலானார். அவற்றில் ஒன்று, ஒரே ஒரு முட்டையைக் கண்டெடுத்த மனிதனின் கதை. அந்த முட்டை கோழியாகி, கோழிகள் பசுவாகி, பத்து வருஷத்தில் தான் செல்வனாகி, இன்னொரு மனைவியையும் கொள்ளப் போவதாக அவன் சொன்னான். கேட்ட மனைவி முட்டையை உடைத்துவிட்டாள். நம் பஞ்சதந்திரத்து மாவுப்பானைப் பிராமணனுக்கு இவன் அண்ணனோ தம்பியோ! கதை சிறியது. 1966-ல் அதைப் பெரும் பாய்ச்சலின்மீது எறிந்த கல் என்று பொருள் கொண்டார்கள். பத்திரிகைகள் அவரைத் தாக்கின. அவ்வருஷம் மே மாதம் தெங் துவோ தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்.

பின்னாளில் இதே பத்திரிகையின் தலைமைக்கு வந்த ஹூ ஜீவெய் என்பவர், கட்சிக்கும் ஜனங்களுக்கும் மாறுபாடு வந்தால் பத்திரிகை ஜனங்களின் பக்கம் நிற்க வேண்டும் என்று வாதித்தார். 1983-ல் அவர் பதவியை விட நேர்ந்தது. 1989 ஏப்ரல் 26-ஆம் தேதித் தலையங்கம் மாணவர் கிளர்ச்சியைக் கலகம் என்று கூறிற்று. அதை முந்தின நாள் மாலையே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வாசித்துவிட்டார்கள். மறுநாள் 27-ஆம் தேதி மாணவர்கள் முன்னிலும் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். மே மாதத்தில் பீஜிங் பத்திரிகையாளர்களே வீதியில் இறங்கினார்கள். அந்தத் தலையங்கம் எங்கள் கை எழுதியதன்று என்று மக்கள் தினசரி ஊழியர்களும் பதாகை பிடித்துச் சென்றனர். ஜூன் மாதம் என்ன நடந்ததென்பது உலகம் அறிந்தது.

இவ்வளவையும் விட நம்மைச் சிந்திக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஆளும் கட்சிக்குத் தன் தினசரியைப் படித்து நாட்டு நிலையை அறிந்துகொள்ள முடியவில்லை. ஆகையால் ஆரம்பத்திலிருந்தே வேறொரு பத்திரிகை தேவைப்பட்டது. சர்க்காரின் ஸின்ஹுவா செய்தி ஸ்தாபனம் மேலதிகாரிகளுக்கு மட்டும் என்று 'உள் தகவல்' ஏடுகளை அச்சிட்டு வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து மொழிபெயர்த்த செய்திகள் மற்றோர் ஏட்டில் வரும். அதையும் வெகு காலம் வரையில் பொது ஜனங்கள் வாங்க முடியாது. கண்ணாடிப் பெட்டியில் ஒரு செய்தி. பூட்டிய பெட்டியில் ஒரு செய்தி! ஆனால் கீழேயிருப்பவன் தலையங்கத்தைப் பார்த்துப் பயந்து கணக்கை உயர்த்தி எழுதும்போது, பூட்டிய பெட்டிக்குப் போகும் தகவல் மட்டும் எப்படித் தப்பும்? வாயை மட்டும் வளர்த்துக் கொண்ட கட்சிக்குச் செவி மந்தமாயிற்று. இடித்துரைக்கும் துணையில்லாத அரசனைப் பற்றி வள்ளுவர் எச்சரித்தது பகைவருக்காக அல்ல, அந்த அரசனுக்காகத்தான்.

நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும். 2006 முதல் மக்கள் தினசரியின் இணையப் பிரிவு, ஜனங்கள் தங்கள் ஊர் அதிகாரிகளுக்குக் குறைகளை எழுத ஓர் இடம் ஏற்படுத்தியிருக்கிறது. குடிதண்ணீர், சாலை, கூலி பாக்கி என்று லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். பலவற்றுக்குப் பதிலும் பரிகாரமும் கிடைக்கின்றன. சிறு அதிகாரி பெரிய பத்திரிகைக்குப் பயப்படுகிறான். இது நல்லதுதான். ஆனால் குழாயைப் பற்றிக் குறை கூறலாம். அணையைக் கட்டத் தீர்மானித்தவரைப் பற்றிக் கூறுவது வேறு விஷயம்.

பொன்மேடையின் அந்திவெயில்

ஊருக்குப் புறப்படும் முன் பத்திரிகையின் காரியாலயத்தை வெளியிலிருந்தாவது பார்க்க விரும்பினோம். நகரின் கிழக்குப் பகுதியில், பாதாள ரயிலில் போய், 'ஜின்தாய் ஸிஜாவ்' என்ற நிலையத்தில் இறங்கவேண்டும். அந்தப் பெயருக்குப் 'பொன்மேடையின் அந்திவெயில்' என்று அர்த்தமாம். பழங்காலத்தில் யான் நாட்டு மன்னன் ஒருவன், அறிஞர்களைத் தன்னிடம் வரவழைப்பதற்காக மேடை கட்டி அதன்மேல் பொன்னை வைத்தான் என்று கதை. ஆலோசனை சொல்பவனுக்குப் பொன் கொடுக்க ஆசைப்பட்ட மன்னன்!

அந்தப் பெயர் கொண்ட இடத்தில் இப்போது பத்திரிகையின் புதிய கோபுரம் வானளாவி நிற்கிறது. வாயிலில் காவலர். உள்ளே போக அனுமதி இல்லை. எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தோம். மாலை வெயில் கோபுரத்தின்மேல் விழுந்து உண்மையாகவே பொன் போலத்தான் இருந்தது.

"அந்தத் தாத்தாவிடம் கடைசியாக என்ன கேட்டாய்?" என்று மாணவனை வினவினோம். சந்தில் விடைபெற்றபோது அவன் மட்டும் திரும்பிப் போய் அவரிடம் ஏதோ பேசியதைக் கவனித்திருந்தோம்.

"இவ்வளவுக்குப் பிறகும் இதை ஏன் தினமும் படிக்கிறீர்கள் என்று கேட்டேன், ஸார்."

"என்ன சொன்னார்?"

"'இதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். என்ன இல்லை என்று பார்க்கத்தான் மீதி நேரம்' என்றார்."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. வழக்கம்போல் காலைப் பிரார்த்தனை முடிந்து ஒரு மாணவன் செய்திகளைப் படித்தான். அவன் முடித்த பிறகு, "இன்றைக்குப் பத்திரிகையில் வந்திருக்க வேண்டியது, ஆனால் வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது ஏதாவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டோம். பிள்ளைகள் விழித்தார்கள். நாலு நாள் கேட்டோம். நாலு நாளும் விழித்தார்கள்.

ஐந்தாம் நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "எங்கள் தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, ஸார். அது வரவில்லை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எது வரவில்லை, தண்ணீரா, செய்தியா என்று ஒரு பையன் கேட்டான். இரண்டும்தான் என்று அவள் பதில் சொன்னாள்.

அன்று மாலை அந்தப் பெண்ணே ஒரு கடிதம் எழுதினாள். எழுத்துப் பிழைகளை மட்டும் நாம் திருத்தினோம். விஷயத்தில் கை வைக்கவில்லை. கடிதம் ஒரு தினசரிக்குப் போயிற்று. பதினேழாம் நாள் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில், நாலு வரியாகச் சுருங்கி, அவள் பெயருடன் வெளிவந்தது. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் செய்தி படித்தவளும் அவளே. முதியவர் சொன்னபடி, பெரிய குரலில், வேகமில்லாமல் படித்தாள்.